கேண்டி பெயின்ட், மூன்றடுக்குப் பூச்சு, வினைல் படலம்: ஒளி ஊடுருவும் நிறத்தில் எதைத் தேர்ந்தெடுப்பது?

நிழலில் கருஞ்சிவப்பாக நின்றிருந்த ஒரு கார், வெயிலுக்கு வந்ததும் உள்ளே விளக்கேற்றியதுபோல் கனன்று ஒளிர்வதைப் பார்த்தவர்களுக்கு, அந்த நிறத்தைத் தம் காருக்கும் அடித்துவிட வேண்டும் என்ற ஆசை எழுவது இயல்பே. அந்த ஆசையோடு, பெயின்டரான என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் நிற அட்டையைத்தான் முதலில் கேட்கிறார்கள். நான் முதலில் கேட்பது வேறு: இந்தக் கார் நாள்தோறும் ஓடப்போகிறதா, இரவில் எங்கே நிற்கும், கதவில் ஒரு கீறல் விழுந்தால் எத்தனை பேனல்களைத் திரும்ப அடிக்க நீங்கள் ஆயத்தமாக இருக்கிறீர்கள்? ஒளி ஊடுருவும் பல்லடுக்குப் பூச்சுகள் புதிதாக இருக்கும்போது அழகில் ஒன்றுக்கொன்று நெருக்கமாகவே தெரியும். பழுதுபார்க்கும் நாளில்தான் அவை வெகுதூரம் விலகிப்போகின்றன. ஆகவே இன்று கிடைக்கும் நான்கு வழிகளையும் அந்தப் பக்கத்திலிருந்தே ஒப்பிடுகிறேன்.

சாதாரண நிறப் பூச்சில் நிறமித் துகள்கள் ஒளியை மறித்துவிடுகின்றன. இரண்டு மூன்று கோட் அடித்து அடிப்பரப்பு முற்றிலும் மறைந்தபின் நான்காவது கோட் அடித்தாலும் நிறம் மாறுவதில்லை. அடிப்பவரின் கை சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் அந்த மறைப்புத்திறன் காப்பாற்றிவிடுகிறது. ஒளி ஊடுருவும் பூச்சில் அந்தக் காப்பு கிடையாது. அடியில் வெள்ளி அல்லது பொன்னிற உலோகத் துகள்கள் கொண்ட பேஸ் கோட் ஆடிபோல் இருக்க, அதன்மேல் நிறக்கண்ணாடி போன்ற ஓர் அடுக்கு அமைகிறது. ஒளி அந்த அடுக்கைக் கடந்து, துகளில் பட்டுத் திரும்பி, அதே அடுக்கை இரண்டாம் முறையும் கடந்தே கண்ணுக்கு வருகிறது. ஆகவே நிறம் என்பது இங்கே டப்பாவில் இருப்பதைவிட, அடுக்கின் தடிப்பைப் பொறுத்தே அமைகிறது.

ஒரு சிறு கணக்குப் போட்டால் இதன் கடுமை புரியும். ஒரு கோட் சிவப்புக் கேண்டி (சாயம் கரைந்த, ஒளி ஊடுருவும் பூச்சு), தன் மீது விழும் பச்சை ஒளியில் 80 விழுக்காட்டை ஒரு திசையில் உள்ளே விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். போய்த் திரும்பும்போது 64 விழுக்காடுதான் மிஞ்சும். மூன்று கோட்டுக்குப் பின் அது ஏறத்தாழ 26 விழுக்காடாகவும், நான்குக்குப் பின் 17 ஆகவும், ஐந்துக்குப் பின் 11 ஆகவும் இறங்கிவிடும். மூன்றாவது கோட்டுக்கும் நான்காவது கோட்டுக்கும் இடையில் மட்டும் மிஞ்சிய ஒளியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் காணாமல் போகிறது. இந்த வேறுபாட்டைப் பக்கத்துப் பக்கத்துப் பேனல்களில் வைத்தால் யார் கண்ணுக்கும் தப்பாது. பூச்சின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.5 என்பதால், மிகச் சாய்வாகப் பார்க்கும்போது அடுக்குக்குள் ஒளி செல்லும் பாதை நேர்ப்பார்வையைவிட மூன்றில் ஒரு பங்கு வரை நீள்கிறது. காரின் வளைவுகள் ஓரத்தை நோக்கி மெல்லக் கறுத்துச் செல்வதும், அதைப் பார்த்து நாம் ஆழம் என்று வியப்பதும் பெருமளவு இதனால்தான். அழகைத் தருவதும் தொல்லையைத் தருவதும் இந்த ஒரே பண்புதான் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு வழிகளைப் பார்க்கலாம்.

மூத்த வழி, முழுமையான கேண்டி. 1950-களில் கலிபோர்னியாவில் கார்களை உருமாற்றி வடிவமைத்துவந்த ஜோ பெய்லன், பின்விளக்கின் சிவப்பு ஒளிர்வைப் பூச்சில் கொண்டுவர ஆண்டுக்கணக்கில் முயன்று, கேண்டி ஆப்பிள் ரெட் நிறத்தை உருவாக்கியவராகக் கருதப்படுகிறார். சர்க்கரைப் பாகில் தோய்த்த ஆப்பிளின் தோற்றமே அந்தப் பெயருக்குக் காரணம். 1956-இல் ஜான் கொஸ்மோஸ்கி தொடங்கிய ஹவுஸ் ஆஃப் கலர் நிறுவனம் இவ்வகைப் பூச்சுகளை ஒழுங்கான தயாரிப்பு வரிசையாக்கி, மற்ற பெயின்டர்களும் வாங்கி அடிக்கும் நிலைக்குக் கொண்டுவந்தது. இந்தக் கலை வளர்ந்ததெல்லாம் கண்காட்சிக் கார்களிலும், தரையை ஒட்டித் தாழ்த்தி அலங்கரித்த லோரைடர் கார்களிலும்தான். ரோஜா ஓவியங்கள் நிறைந்த 1964 மாடல் ஷெவர்லே இம்பாலாவான ஜிப்சி ரோஸ், 2017-இல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் இடம்பெறும் அளவுக்கு அந்த மரபு மதிக்கப்படுகிறது. ஆனால் அந்தக் கார்கள் மழையிலும் நெரிசலிலும் தினமும் ஓடுவதற்காகப் பூசப்பட்டவை அல்ல. கேண்டியின் எல்லா வலிமைகளும் குறைகளும் அந்தப் பிறப்பிலிருந்தே வருகின்றன.

கேண்டியில் நிறத்தின் சாயலைத் தீர்மானிப்பதில் அடியிலுள்ள பேஸ் கோட்டுக்கும் பெரும்பங்கு உண்டு. ஒரே சிவப்பைப் பொன்னிற அடிமீது அடித்தால் தணல்போல் சூடான, சற்று ஆரஞ்சு சாய்ந்த சிவப்பு வரும். வெள்ளி அடிமீது அடித்தால் கூர்மையான, குளிர்ந்த சிவப்பு வரும். கறுப்பு அடிமீது முத்துப்போல் மின்னும் பேர்ல் துகள் தூவி அதன்மேல் அடித்தால், வெயில் நேராகப் படும் இடத்தில் மட்டும் நிறம் காட்டி மற்ற நேரத்தில் ஏறத்தாழக் கறுப்பாகவே இருக்கும். துகள் நுண்மையாக இருந்தால் பரப்பு உருக்கிய உலோகம்போல் வழவழப்பாகத் தெரியும். பருத்த ஃப்ளேக் (தகடு போன்ற துகள்) இட்டால் ஒவ்வொரு துகளும் தனித்தனியே மின்னும், ஆனால் அதைச் சமன்படுத்த, நிறமற்ற தெளிந்த பூச்சான கிளியரைப் பல கோட் அடித்து, உப்புத்தாளால் தேய்த்து, அதன்பிறகே கேண்டிக்குப் போக வேண்டும். நிறத்தை முடிவு செய்பவர் மேலடுக்கின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு அடியைக் கடைக்காரரின் விருப்பத்துக்கு விட்டுவிடக் கூடாது. அடியில் துகள்கள் திட்டுத்திட்டாகப் படிந்திருந்தால் கேண்டி அதை மூடாது, பெரிதாக்கிக் காட்டும்.

அடுத்த முடிவு, சாயத்தை எதில் கலப்பது என்பது. கேண்டிச் செறிவை (அடர்த்தியான சாயக் கரைசலை), ஹார்டனர் என்னும் இறுக்கி சேர்ந்து கெட்டியாகும் இரண்டு கூறு யூரித்தேன் கிளியரில் கலந்து அடிப்பது பழைய முறை. ஒவ்வொரு கோட்டும் ஈரமாகவும் கனமாகவும் விழுவதால் ஆழம் மிகச் சிறப்பாக வரும். ஆனால் ஓரிடத்தில் பூச்சு வழிந்துவிட்டால் அங்கே தடிப்புக் கூடி, கறுத்த கண்ணீர்க் கோடாக நின்றுவிடும். சாதாரணக் கிளியரில் வழிந்ததைத் தேய்த்துச் சமன்செய்யலாம். கேண்டியில் தேய்த்த இடம் வெளுத்துவிடும். கேண்டி அடுக்கின்மீது உப்புத்தாள் படவே கூடாது என்று பழகியவர்கள் சொல்வது இதனால்தான். மற்றது, வேகமாக உலரும் இடைக் கிளியரிலோ நிறமற்ற பேஸ் கோட் பிசினிலோ கலந்து அடிப்பது. கோட்டுகள் மெல்லியவையாக இருப்பதால் நிறத்தைப் படிப்படியாக ஏற்றலாம், தூசியும் குறைவாகவே ஒட்டும், மாஸ்கிங் டேப் ஒட்டிப் படம் வரைவதும் எளிது. ஆனால் ஹார்டனர் சேராத அடுக்குகளை அளவுக்கு மீறி அடுக்கினால் கரைப்பான் உள்ளே சிக்கிக்கொள்ளும். பிறகு அந்த இடத்திலிருந்து கிளியர் உரிந்துவரவும் கூடும். கார் முழுவதும் அடிப்பதானால் நான் இரண்டாவது முறையையே விரும்புகிறேன். உற்பத்தியாளர் அனுமதிக்கும் இடத்தில் சிறிதளவு ஹார்டனரும் சேர்த்து, கோட்டுகளுக்கிடையே உலரும் நேரத்தைக் கறாராகக் கடைப்பிடித்தால், தவறு செய்ய இடம் குறைவு.

அடிக்கும் கையும் வேறுபட வேண்டும். சாதாரண நிறத்துக்கு ஸ்ப்ரே கன்னின் ஒவ்வொரு வீச்சும் முந்தையதன் பாதியை மூடினால் போதும். கேண்டிக்கு முக்கால் பங்கு மூட வேண்டும். இல்லையெனில் வெயிலில் அடர்ந்தும் வெளிறியும் மாறிமாறிப் புலிக்கோடுகள் தெரியும். பானெட்டைத் தனியே, கதவைத் தனியே என்று முடிக்காமல், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்துகொண்டே நிறுத்தாமல் அடிக்க வேண்டும். கதவின் உள்விளிம்பு, கண்ணாடிக் கூடு, பம்பர் போன்று கழற்றி அடிக்கும் பாகங்களுக்கும் அதே எண்ணிக்கை, அதே தூரம், அதே வேகம் வேண்டும். இத்தனையையும் ஒருங்கே செய்யக்கூடியவர் கிடைக்காவிட்டால் கேண்டியை விட்டுவிடுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. திறமை குறைந்த கையில் எளிய மெட்டாலிக் நிறம் பார்க்கும்படி இருக்கும், கேண்டி பார்க்கும்படி இருக்காது.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நிறமி என்பது கரையாத திண்மத் துகள். சாயம் என்பது மூலக்கூறு மூலக்கூறாகக் கரைந்து பரவுவது. கரைந்திருப்பதால்தான் சாயம் அவ்வளவு தெளிவாக இருக்கிறது. அதே காரணத்தால் புறஊதாக் கதிரால் விரைவில் சிதையவும் செய்கிறது. உலோக அணைவுச் சாயங்கள் சாதாரணச் சாயங்களைவிட நன்றாகத் தாங்கும். ஒளியை மறைக்காத அளவுக்கு நுண்ணியதாக அரைத்த நிறமிகள் அதைவிட நன்றாகத் தாங்கும். மேலே வரும் கிளியரில் புறஊதா உறிஞ்சிகள் இருந்தால் ஆயுள் நீளும். நான் பார்த்தவரையில் இளஞ்சிவப்பும் ஊதாவும் முதலில் வெளுக்கின்றன. கூரையும் பானெட்டும் கதவுகளுக்கு முன்பே வெளுப்பதால் கார் இரு நிறமாகிவிடுகிறது. சாயத்துக்கு இன்னொரு குணமும் உண்டு: அது கசியும். கேண்டிச் சிவப்பின்மீது நேராக வெள்ளைக் கோடு வரைந்தால் சில நாட்களில் அது ரோஜா நிறமாகலாம். பின்னாளில் காரை வெளிர் நிறத்துக்கு மாற்ற விரும்பினால் பழைய அடுக்கைச் சுரண்டி எடுக்கவோ முறையாகத் தடுப்புப் பூச்சு அடிக்கவோ நேரிடும்.

இரண்டாவது வழி, கார்த் தொழிற்சாலைகள் கடைப்பிடிக்கும் மூன்றடுக்கு முறை. நிறமுள்ள பேஸ் கோட், அதன்மேல் பேர்ல் அல்லது நிறம் தோய்ந்த ஒளி ஊடுருவும் இடையடுக்கு, அதன்மேல் கிளியர். இதற்குப் பலரும் அறிந்த எடுத்துக்காட்டு மாஸ்டாவின் சோல் ரெட். 2012-இல் வந்த முதல் வடிவத்தையும், 2016-இல் அறிவிக்கப்பட்டு இரண்டாம் தலைமுறை சிஎக்ஸ்-5 காருடன் வந்த சோல் ரெட் கிரிஸ்டல் நிறத்தையும் மூன்றே அடுக்குகளில் அந்நிறுவனம் முடித்தது: எதிரொளிக்கும் அடுக்கு, ஒளி ஊடுருவும் சிவப்பு அடுக்கு, கிளியர். பின்னதில் அலுமினியத் துகள்களோடு ஒளியை உறிஞ்சும் துகள்களையும் எதிரொளிக்கும் அடுக்கில் சேர்த்ததால், வெளிச்சம் படும் இடம் பளிச்சென்றும் நிழல் விழும் இடம் அடர்ந்தும் தெரிகிறது. முந்தையதைவிட நிறச்செறிவு சுமார் 20 விழுக்காடும் ஆழம் சுமார் 50 விழுக்காடும் கூடியதாக மாஸ்டா கூறியது. ரோபோக்கள் சீரான தடிப்பில் அடிப்பதால் தொழிற்சாலையில் இது சாத்தியமாகிறது. ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் போன்ற நிறுவனங்களும் நிறம் தோய்ந்த கிளியர் கொண்ட சிவப்பு நிறங்களை விற்றிருக்கின்றன.

கேண்டியிலிருந்து இதைப் பிரிப்பது ஒரு நுட்பமான உண்மை. இங்கே பேஸ் கோட்டே சிவப்பாகவோ சிவப்பை ஒட்டியதாகவோ இருக்கும். இடையடுக்கு அந்த நிறத்தைச் செழிப்பாக்க மட்டும் வருகிறது. கேண்டியில் வெள்ளியிலிருந்து சிவப்பு வரையுள்ள முழுத் தூரத்தையும் ஒளி ஊடுருவும் அடுக்கு ஒன்றே கடக்க வேண்டியிருப்பதால் தடிப்பில் ஏற்படும் சிறு பிழையும் பெரிதாகிறது. மூன்றடுக்கில் பெரும்பகுதித் தூரத்தை அடியே கடந்துவிடுவதால் அதே பிழை சிறிதாகத் தெரிகிறது. சோல் ரெட் கிரிஸ்டல் போன்றவை கேண்டியை மிகவும் நெருங்கி நிற்பதால் அவை விதிவிலக்கு; பழுதுபார்ப்பில் அவற்றின் கடுமையும் அதற்கேற்பவே இருக்கிறது. மற்றபடி, தொழிற்சாலை நிறக் குறியீட்டோடு வரும் ஒரு மூன்றடுக்கு நிறத்தைத் தேர்ந்தெடுத்தால், கலவைச் சூத்திரம் எந்தப் பெயின்ட் கலக்கும் கடையிலும் கிடைக்கும் என்பது பெரும் ஆறுதல். ஆழம் கேண்டியைவிடச் சற்றுக் குறைவுதான், அதை மறைக்க வேண்டியதில்லை.

மூன்றாவதாக, ஒளி ஊடுருவும் நிறமியையும் உலோகத் துகளையும் ஒரே பேஸ் கோட்டில் கலந்து, கிளியரோடு இரண்டே அடுக்கில் முடிக்கும் நிறங்கள் உள்ளன. இவற்றையும் சில கடைகளில் கேண்டி என்றே சொல்லி விற்கிறார்கள். நிறம் பளிச்சென்று இருக்கும். துகளும் நிறமியும் ஒரே தளத்தில் கலந்திருப்பதால் ஆழம் மட்டும் வராது. பழுதுபார்ப்பது எளிது. விலைப் பேச்சின்போது எந்தக் கேண்டி என்று தெளிவாகக் கேட்டுக்கொள்வது போதும்.

நான்காவது வழி வினைல் படலம். வார்ப்பு முறையில் செய்த தரமான படலம் பசையைச் சேர்க்காமல் 50 மைக்ரானை ஒட்டியும், பசையோடு 80 முதல் 100 மைக்ரான் வரையும் இருக்கும். கேண்டித் தோற்றமுள்ள வகைகளில் உலோக அடுக்கின்மேல் நிறம் தோய்ந்த தெளிந்த அடுக்கு வருகிறது. தடிப்பு தொழிற்சாலையிலேயே ஒழுங்காக அமைந்துவிடுவதால் புலிக்கோடு என்ற பேச்சே இல்லை. வேண்டாமென்றால் உரித்துவிட்டுப் பழைய நிறத்துக்குத் திரும்பலாம். ஒரு கதவில் கீறல் விழுந்தால் அந்தக் கதவின் படலத்தை மட்டும் மாற்றலாம். இவை சாதாரண வசதிகள் அல்ல. இருந்தாலும் அருகில் சென்று பார்த்தால் பரப்பில் ஆரஞ்சுத்தோல் போன்ற நெளிவும், பம்பரின் ஆழமான குழிவுகளில் இழுபட்டு வெளுத்த இடங்களும் தெரியும். வெயிலில் நின்றால் கூரையிலும் பானெட்டிலும் சில ஆண்டுகளிலேயே தளரத் தொடங்கும். அடியில் இருப்பது தொழிற்சாலைப் பூச்சாக இல்லாமல் எப்போதோ திரும்ப அடித்ததாக இருந்தால், உரிக்கும்போது அதுவும் சேர்ந்து வரலாம். கூரையின்றி வெளியில் நிற்கும் காருக்குப் படலத்தைப் பரிந்துரைக்க எனக்குத் தயக்கம் உண்டு. ஆனால் இந்த நிறம் தமக்கு நீண்டநாள் பிடிக்குமா என்று உறுதியில்லாதவருக்கு, இரண்டு மூன்று ஆண்டுகள் அதோடு வாழ்ந்து பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை.

இனிப் பழுதுபார்ப்பு. சாதாரண மெட்டாலிக் நிறத்தில் முன்கதவில் அடிபட்டால், அந்தக் கதவை அடித்து, நிறத்தைப் பக்கத்து ஃபெண்டரிலும் பின்கதவிலும் மெல்லக் கரையவிட்டு, மூன்று பேனலுக்கும் கிளியர் அடித்து முடித்துவிடலாம், கண் ஏமாந்துவிடும். கேண்டியில் இப்படிக் கரையவிடும் ஓரத்தில் புதிய ஒளி ஊடுருவும் அடுக்கு பழையதன்மேல் ஏறுவதால், அங்கே நிறம் கூடிக் கறுத்த வளையமாகத் தெரியும். எனவே பேனலின் இயற்கையான விளிம்பிலோ உடலின் மடிப்புக்கோட்டிலோ நிறுத்தியாக வேண்டும். அப்படி நிறுத்தினால் புதிய பேனலின் நிறம் பழையதோடு அச்சாகப் பொருந்த வேண்டும். முன்பு அடித்த கோட்டுகளின் எண்ணிக்கையை அறிந்திருப்பது மட்டும் அதற்குப் போதாது.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். நானே வெள்ளி அடிமீது நீலக் கேண்டி அடித்த ஒரு காரின் முன் ஃபெண்டர் நசுங்கி வந்தது. பழைய குறிப்பில் ஐந்து கோட் என்று எழுதியிருந்தேன். அதே பெயின்ட், அதே கன், அதே ஐந்து கோட். ஆனால் முதலில் குளிர்ந்த நாளில் அடித்தது, இப்போது வெப்பமான நாள். பூச்சு பறக்கும்போதே சற்று உலர்ந்து மெல்லியதாக விழுந்துவிட்டது. பெயின்ட் அடிக்கும் அறையான பூத்தின் விளக்கில் சரியாகத் தெரிந்த ஃபெண்டர், வெயிலில் கதவைவிட ஒரு படி வெளிறி நின்றது. கடைசியில் அந்தப் பக்கம் முழுவதையும் திரும்ப அடித்தேன். உரிமையாளர் பொறுமையானவர், ஆனால் அந்த வாரத்தின் சங்கடம் இன்றும் நினைவில் இருக்கிறது. அதன்பிறகு சோதனைப் பேனல் வைத்துக்கொள்ளாமல் ஒரு கேண்டி வேலையையும் நான் தொட்டதில்லை.

மூன்றடுக்கில் இந்த வேலை முடியக்கூடியது, ஆனால் பரப்பு விரியும்: பேஸ் கோட்டை ஒரு தூரம் கரையவிட்டு, இடையடுக்கை ஒவ்வொரு கோட்டிலும் அதற்கும் அப்பால் படிப்படியாக நீட்டி, கிளியரை அடுத்த பேனலின் முழுமைக்கும் கொண்டுசெல்ல வேண்டும். பிளாஸ்டிக் பம்பரில் மட்டும் கேண்டியும் மூன்றடுக்கும் ஒரே கவலையைத் தருகின்றன. வளைவுகளும் குழிவுகளும் மிகுந்த அந்தப் பரப்பில் சீரான தடிப்பு வருவது கடினம், நெரிசலில் முதலில் உரசப்படுவதும் அதுவே. தடிப்பைப் பற்றி இன்னொரு சொல்: தொழிற்சாலைப் பூச்சின் மொத்தத் தடிப்பு பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் வரை. முழுக் கேண்டி வேலை, இடைக் கிளியரும் கடைசிக் கிளியரும் சேர்ந்து, அதைப்போல் இரு மடங்கை எளிதில் எட்டும். தடித்த பூச்சு கல்தெறிக்கும் இடத்தில் சில்லுச்சில்லாகப் பெயர்கிறது. நெடுஞ்சாலையில் ஓடும் கேண்டிக் காருக்கு முன்பக்கத்திலாவது 150 முதல் 200 மைக்ரான் தடிப்புள்ள தெளிந்த பாதுகாப்புப் படலம் ஒட்டுவதை நான் வற்புறுத்துவேன்.

கார் ஒன்றே ஒன்று, தினமும் அலுவலகம் போய்வர வேண்டும், தெருவோரம் நிற்கும் என்றால், தொழிற்சாலைக் குறியீடுள்ள மூன்றடுக்கு நிறத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சோல் ரெட் கிரிஸ்டல் போன்ற கடினமானவற்றைத் தவிர்த்து, பேர்ல் வெள்ளை, பேர்ல் நீலம் போன்ற பொறுக்கக்கூடியவற்றைத் தேர்ந்தெடுப்பது இன்னும் நல்லது. குத்தகைக் கார் அல்லது சில ஆண்டுகளில் விற்கப்போகும் கார் என்றால் படலம். மூலப் பூச்சுக்குக் கேடில்லாமல் திருப்பித் தரலாம். மூடிய இடத்தில் நிற்கும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும், உரிமையாளர் அதை விற்கும் எண்ணமே இல்லாமல் நேசிக்கிறார் என்றால், முழுக் கேண்டியை அடியுங்கள். அதற்கு ஈடான ஆழத்தை வேறு எதுவும் தராது. ஆசை முழுவதும் கேண்டியில் இருந்து, கார் மட்டும் தினமும் ஓடுவதாக இருந்தால், மோட்டார் சைக்கிள் டேங்க், கண்ணாடிக் கூடு, உள்ளே டேஷ்போர்டு பட்டை என்று சிறு பாகங்களில் அதை அடித்துக்கொள்ளலாம். சிறு பரப்பில் தடிப்பைக் காப்பது எளிது, கெட்டுப்போனால் அந்தப் பாகத்தை மட்டும் முழுதாகத் திரும்ப அடிக்கலாம்.

கேண்டி என்று முடிவானால், கார்மீது ஒரு துளி படும் முன் படிக்கட்டுப் பேனல் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். ஒரே பேஸ் கோட் அடித்த தகட்டில் டேப்பால் பகுதி பகுதியாக மூடி, ஒரு கோட் முதல் ஆறு கோட் வரை ஏற்றிச் சென்று, அதன் ஒரு பாதியின்மீது கிளியரும் அடித்த தகடு அது. அதை நண்பகல் வெயிலிலும் மாலையிலும் தெருவிளக்கிலும் பார்த்து எத்தனையாவது படி வேண்டும் என்று நீங்களே தொட்டுக்காட்டுங்கள். பெயின்டர் கிளியருக்கும் கேண்டிக்கும் பயன்படுத்தும் ஹார்டனரில் ஐசோசயனேட் இருப்பதால், அவர் காற்றுக் குழாய் இணைத்த முகமூடி அணிகிறாரா என்பதையும் பாருங்கள். அதை மூச்சில் இழுப்பவர்களுக்குத் தீராத ஆஸ்துமா வரக்கூடும். தன் மூச்சைக் காக்காதவர் உங்கள் காரில் எண்ணிக்கையைக் காப்பார் என்று நான் நம்பமாட்டேன். வேலை முடிந்ததும் அந்தப் படிக்கட்டுப் பேனல், கன்னின் நாசி அளவும் காற்றழுத்தமும் கோட் எண்ணிக்கையும் அன்றைய வெப்பநிலையும் எழுதிய தாள், மிஞ்சிய பேஸ் கோட்டில் அரை லிட்டர் ஆகியவற்றைக் கேட்டு வாங்கி வெயில் படாத இடத்தில் வையுங்கள். பேனலின் பின்புறத்தில் தேதியையும் எழுதிவையுங்கள், ஏனென்றால் அடுத்து அதைத் தேடி எடுக்கப்போவது சில ஆண்டுகள் கழித்து, வேறொரு பெயின்டரின் பூத்தில், நசுங்கிய ஒரு கதவின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்காகத்தான்.